பனிவண்டித் தாளமும் ஏழு குரல்களும்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘எனது ஊர்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ரொம்மனைப் பற்றி எழுதுவதா, பார்த்தே இராத யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுவதா என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது ஜெகனின் செய்தி வந்தது. ஸ்தவாங்கரிலிருந்து எழுதியிருந்தான். “அக்கா, ரூபன் அண்ணை எங்களை விட்டுட்டுப் போட்டார். மாரடைப்பாம். வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தவராம்.”

அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘என்ரை குரல் இப்ப ஆற்றை கையிலை?’ என்ற பயம்தான் வந்தது. பிள்ளைகள் கொப்பிகளை நீட்டியபோது நான் எதைத் திருத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து முப்பத்தோராம் நாள் சடங்கு வரை அந்தப் பயம் துக்கத்தின் கதிரையில் ஏறி இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது. நினைவு மலருக்கு என்னிடம் அரைப் பக்கம் கேட்டார்கள். ‘அமைதியானவர், பண்பாளர், எல்லோருக்கும் உதவுபவர்’ என்று யாருக்கும் பொருந்தக்கூடிய மூன்று பொய்களை எழுதிக் கொடுத்தேன். ரூபன் அண்ணா அமைதியானவர் என்று கேட்டால் அவரே சிரித்திருப்பார். அங்கே எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் அவருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற வேலை. விடியற்காலையில் நாங்கள் போர்வைக்குள் இருக்கும்போது அடுக்குமாடிகளின் முற்றத்தில் பனியைத் தள்ளிவிட்டு வண்டி பின்னுக்குப் போகுமே, அப்போது ஒரு கூவல் எழும். பீப், பீப் என்று ஒஸ்லோ முழுவதையும் எழுப்புகிற சத்தம், எல்லாரும் படுத்தபடியே திட்டுகிற சத்தம். அதைத்தான் அவர் தன் கைபேசியில் பதிந்து, வெட்டி, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்து, கீழே கனமான ஓர் அடியைப் போட்டுத் தாளமாக்கினார். “சனம் திட்டுற சத்தத்திலை கட்டாயம் ஒரு தாளம் இருக்கும். இல்லாட்டி அது ஏன் காதிலை நிக்குது?” என்பார்.

அப்படி ஒரு தாளத்தை ஜமெய்க்காவில் றிதிம் என்கிறார்கள். பாட்டுக்குத் தாளம் என்பது எங்கள் பழக்கம். அங்கே தாளம்தான் முதல். ஒரே றிதிமை ஒருவர் செய்து வைக்க, பலர் வந்து அதன்மேல் தங்கள் சொல்லையும் தங்கள் மெட்டையும் பாடுவார்கள். பிறகு அந்தப் பாட்டுகளையெல்லாம் தாளம் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் கோப்பை கழுவிய உணவகத்தில் சமையல்காரர் ஜமெய்க்கா நாட்டவர் என்பதால் ரூபன் அண்ணாவுக்கு இந்த நோய் தொற்றியது. நோய் என்ற சொல் என்னுடையது அல்ல, அவருடைய மனைவி சுமதி அக்காவினுடையது.

‘பனிவண்டி’ றிதிமில் ஏழு பேர் பாடினோம். ஜெகன் அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்தான். இப்போது எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளர். பேர்கனில் தாதியாக இருக்கும் ஒருத்தி பாடினாள். பக்கத்து வாசலில் இருந்த சோமாலியப் பெடியன் நோர்வேஜிய மொழியில் பாடினான். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக் பாடினார். இன்னும் இரண்டு பேர், கடைசியாக நான். எங்கள் கட்டடத்தின் நிலவறையில் வீட்டுக்கு ஒன்றாகக் கம்பிக் கதவு போட்ட சாமான் அறைகள் இருக்கின்றன. ரூபன் அண்ணாவின் அறையில் குளிர்காலக் கார்ச் சில்லுகளுக்கும் பயணப் பெட்டிகளுக்கும் நடுவே, சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு ஒரு மைக் நட்டிருந்தார். அதுதான் ஒலிப்பதிவுக்கூடம்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. தன் குரலைப் பதியும்வரை யாரும் மற்றவர் பாடியதைக் கேட்கக்கூடாது. கார்த்திக் கெஞ்சிப் பார்த்தார். “ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே. மத்தவங்க என்ன லெவல்ல பண்ணிருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்.” ரூபன் அண்ணா அசையவில்லை. “கேட்டியள் எண்டால் நீங்கள் அவனுக்குப் பதில் சொல்லப் போறியள், கார்த்திக். தாளம்தான் உங்களைக் கேக்குது. அதுக்குப் பதில் சொல்லுங்கோ.” இன்னொரு சட்டமும் உண்டு. போடும்போது ஏழையும் போடவேண்டும். நல்லது கெட்டது பார்த்து ஒன்றைத் தள்ளக்கூடாது. “றிதிம் எண்டது பந்தி மாதிரி. இருந்தவனை இடையிலை எழுப்பக்கூடாது.” இந்த இரண்டாவது சட்டம்தான் பின்னால் என் நித்திரையைக் கெடுத்தது.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இங்குள்ள எங்கள் தமிழர் மண்டபத்தின் தலைவர். சிவபாதம் என்றால் இங்கே தெரியாதவர்கள் குறைவு. ரூபன் அண்ணாதான் மண்டபத்துக்குப் பல வருடங்களாக ஒலிபெருக்கி பார்த்தவர். தேவாரத்துக்கு மைக் பிடிப்பதும் அவர்தான், பரிசளிப்புக்கு இசை போடுவதும் அவர்தான். ஓர் ஆண்டுவிழாவில் சாப்பாட்டு நேரம் ஜெகனின் ‘பனிவண்டி’ப் பாட்டைப் போட்டுவிட்டார். பின்வரிசைப் பிள்ளைகள் துள்ளத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த அப்பாவுக்கு முகம் சிவந்தது. உள்ளங்கையால் மேசையில் ஓங்கித் தட்டினார். “நிப்பாட்டு!”

பாட்டு நின்றது. உடனே முதலிலிருந்து தொடங்கியது. அப்பா இன்னும் பலமாகத் தட்டினார். மறுபடி நின்று, மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை தேநீர்க் கோப்பை ஒன்று விழுந்தது. பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். ஜமெய்க்காவின் இசைக்கூட்டங்களில் பாட்டு பிடித்துப்போனால் சனம் சுவரிலோ மேசையிலோ தட்டும். தட்டினால் போடுகிறவர் உடனே நிறுத்தி முதலிலிருந்து போட்டே ஆகவேண்டும். அதைவிடப் பெரிய பாராட்டு அங்கே இல்லை. இத்தனை சத்தத்துக்குள் ‘நிப்பாட்டு’ என்றது ரூபன் அண்ணாவுக்குக் கேட்கவில்லை. கை மேசையில் விழுந்ததுதான் தெரிந்தது. ஒரு தலைவரே தட்டுகிறார் என்று அவர் உச்சி குளிர்ந்துபோய்த் திருப்பிப் போட்டார்.

அடுத்த நாள் வெள்ளைக் கிறீம் கேக் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். நடந்ததை விளக்கினார். அப்பா கேக்கைப் பார்க்கவே இல்லை.

“அப்ப நான் உன்னைப் பாராட்டினனான் எண்டு சொல்லுறாய்?”

“ஓம் மாமா. மூண்டு தரம். அவ்வளவு ஒருத்தரும் என்னைப் பாராட்டினதில்லை.”

குசினிக்குள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. மண்டபத்தின் ஒலிபெருக்கிப் பொறுப்பு அந்த மாதமே வேறு ஒருவருக்குப் போனது.

அந்தக் கோபத்தில்தான் நான் நிலவறைக்குப் போனேன். என்ன கோபம் என்று கேட்காதீர்கள். தலைவரின் மகளாக இருப்பதில் சேர்ந்த கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஜெகனின் பாட்டைக் கேட்டுவிட்டேனே என்றதற்கு, “நீ அவனுக்கில்லை, மேசைக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறாய்,” என்று எனக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினார். நான் பாடத் தொடங்கியதும் ரூபன் அண்ணா கையைக் காட்டி நிறுத்தினார். “வாணி, இது வகுப்பிலை கதைக்கிற குரல். வேண்டாம்.” மறுபடி தொடங்கினேன். “இது வீட்டிலை கதைக்கிற குரல். அதுவும் வேண்டாம். இது ரெண்டும் போக மிச்சம் ஏதும் கிடந்தால் அதைக் கொண்டா.” மிச்சம் கிடந்தது. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

தலைவர் தட்டினார், மேசை துள்ளிச்சு,
தேத்தண்ணிக் கோப்பை சலங்கை கட்டிச்சு;
நிப்பாட்டு எண்டார், தாளம் நிக்கேல்லை,
மேசைக்கு விளங்கிச்சு, அவருக்கு விளங்கேல்லை.

பாடி முடித்து வெளியே வந்ததும் பின்வாங்கினேன். குரலைத் தாழ்த்தி வேறு ஆள் போல மாற்றித் தாருங்கள் என்றேன். இவற்றுக்குப் பிறகு நான் பாடிய கடைசி நாலு வரியை வெட்டச் சொன்னேன். அந்த வரிகளைப் பாடக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான், கேட்டால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். ரூபன் அண்ணா இரண்டையும் செய்தார். “ஆனால் மாத்தாததை அழிக்க மாட்டன். ஒரு நாளைக்கு நீயே வந்து கேப்பாய்,” என்றார். என்ன பெயர் போடுவது என்று கேட்டார். “பேர் பிறகு சொல்லுறன்,” என்றேன். பாடியவர் என்ற இடத்தில் ‘பெயர் பிறகு’ என்று போட்டார். வெளியே போன பாட்டிலும் அப்படியே இருந்தது.

பாட்டு நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியது. கலியாண வீடுகளில் ‘தலைவர் தட்டினார்’ என்ற இடம் வந்ததும் பெடியள் எல்லாரும் மேசையில் தட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அப்பாவின் காதில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு பல நாள் சாப்பாட்டு மேசையில் அதே கதைதான். “ஆர் பெத்த பெட்டையோ! தாய் தேப்பன் வளர்த்த வளர்ப்பு அப்பிடி!” அவருக்கு இன்னும் ஓர் அகப்பைச் சோறு போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா என்னைப் பார்ப்பதும் சாம்பாரைப் பார்ப்பதுமாக இருந்தார். அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஒருநாள் அப்பா ரூபன் அண்ணாவையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து கொதித்துக்கொண்டே அதைச் சொன்னார். “பேரை மட்டும் சொல்லு, நாளைக்கே மண்டபத்துக்கு வந்து உன்ரை வேலையைப் பார் எண்டு சொன்னனான். அதுக்கு அவன் சொல்லுறான், ‘மாமா, அவ இப்ப பந்தியிலை இருக்கிறா. சாப்பிட்டு எழும்பட்டும், அவவே வந்து சொல்லுவா’ எண்டு. என்ன பந்தி? என்ன விசர்க் கதை?”

அந்த மண்டபத்தை ரூபன் அண்ணா எவ்வளவு நேசித்தார் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் அங்கே விருந்தாளியாகத்தான் வந்தார். புது ஆள் மைக்கைக் கீச்சிட வைக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து பல்லைக் கடித்துக்கொள்வார். என்னைக் கண்டால் அதே சிரிப்பு. “எப்பிடி, பெயர் பிறகு?” என்று மெல்லக் கேட்பார். நான் சுற்றுமுற்றும் பார்ப்பேன். ஒருமுறைகூட அவர் அதை உரத்துச் சொன்னதில்லை. அப்படியிருந்தும் அவரைக் கண்டால் ஏதாவது சாட்டுச் சொல்லி நகர்ந்துவிடுவேன். அவரோடு நிம்மதியாக நின்று கதைக்க முடியாத வருடங்கள் அவை. இப்போது எண்ணினால் அதுதான் வலிக்கிறது.

செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில் ஜெகன் கூப்பிட்டான். சுமதி அக்கா ரூபன் அண்ணாவின் கணினியைக் கொடுத்திருக்கிறார். “அக்கா, எல்லாற்றை குரலையும் ஒண்டும் செய்யாமல், பாடினபடியே வைச்சிருக்கிறார். முப்பத்தோராம் நாளுக்கு அதைத்தான் போடப்போறம். சுமதி அக்கா ஏழும் வேணுமாம். மண்டபத்திலைதான் போடவேணுமாம்.”

“நீ கேட்டனியே?” என்று கேட்டேன்.

“இல்லை. அண்ணை இல்லாமல் தனிய இருந்து கேக்க மனம் வரேல்லை. அங்கை எல்லாரோடையும்தான் கேப்பன். ‘பெயர் பிறகு’ ஆரெண்டும் அண்டைக்குத்தான் தெரியவரும், என்ன?”

எப்படியாவது ஒன்றை விட்டுவிடச் சொல்லலாம் என்று பார்த்தேன். அந்த ஒன்றை விடச் சொன்னால் அது நான்தான் என்று சொன்னதாகிவிடும். விடச் சொல்லாவிட்டால் மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவில், பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நம்பி என்னிடம் அனுப்புகிற அந்த ஊரின் முன்னால், அப்பாவின் காதில் என் குரல் விழும். ‘வளர்த்த வளர்ப்பு’ என்று அவர் யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவரும். என் பயம் அவர் ஏசுவார் என்பதல்ல. வயதான மனிதர், சபையில் தலை குனிவார். அதைப் பார்க்க என்னால் முடியாது. அப்பா மண்டபத்தைத் தரமாட்டார் என்று ஒரு கேவலமான நம்பிக்கை இருந்தது. சுமதி அக்கா கேட்டதும் அவர் மண்டபக் கதவின் திறப்பை எடுத்துக் கொடுத்தார். “செத்த வீட்டுக்கு மண்டபம் இல்லை எண்டு சொல்லேலுமே?” ஒருதரம் வரவேற்பறையில் அவர் தனியாக இருந்தபோது சொல்லிவிடுவோம் என்று போய் நின்றேன். “என்ன பிள்ளை?” என்றார். “தேத்தண்ணி வேணுமோ அப்பா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த நாள் வந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாலை போட்ட படத்தில் ரூபன் அண்ணா வேலை உடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தார். பூசை, தேவாரம், சாப்பாடு எல்லாம் முடிந்தன. அப்பா தலைவராக எழும்பி நாலு வார்த்தை சொல்லிவிட்டு முன்வரிசை மேசையில் இருந்தார். ஜெகன் ரூபன் அண்ணாவின் பழைய இடத்தில் நின்று தாளத்தைத் திறந்தான். பீப், பீப் என்றதும் சனத்தின் முகம் மாறியது. ஜெகனின் பதின்வயதுக் குரல் வந்தது. அவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். சோமாலியப் பெடியன், கார்த்திக், பேர்கன்காரி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கோட்டை எடுத்துக் கையிலும் பிடித்துவிட்டேன்.

பிறகு நான் வந்தேன்.

என் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் திரும்பினார்கள். அடுத்து அவர்களின் தாய்மார். தலைகள் வரிசையாகத் திரும்பி என்னைப் பார்த்தன. அப்பா மட்டும் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. கோப்பை சலங்கை கட்டியது, மேசைக்கு விளங்கியது, வழமையாகப் பாட்டு முடிகிற இடமும் போனது. அதுவரை யாருமே கேட்டிராத வரிகள் வந்தன.

தட்டின கையை எனக்குத் தெரியும்,
தரை துடைச்சு வெடிச்ச கை;
பனிக்குள்ளை என்ரை கையுறை துலைய
தன்ரையைக் கழட்டித் தந்த கை.

அப்பாவின் கை எழுந்தது. மேசையில் ஓங்கி விழுந்தது.

ஜெகன் பழக்கத்தில் பாட்டை நிறுத்திவிட்டான். நிறுத்திய பிறகுதான் யார் தட்டினார் என்று பார்த்தான். அவன் கை அப்படியே நின்றது. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பனிவண்டி பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூவல் மட்டும் கேட்டது. சுமதி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. “தட்டினால் முதலிலையிருந்து போடுறதெல்லே உங்கடை வழக்கம்? ரூபன் எனக்கு வீட்டை வந்து சொன்னவன்.”

ஜெகன் முதலிலிருந்து போட்டான். அப்போதுதான் நான் ரூபன் அண்ணாவுக்காக அழுதேன். அத்தனை நாளும் பயம் பிடித்து வைத்திருந்த கதிரையில் துக்கம் வந்து இருந்தது. ஆனந்தமாக அழுதேன் என்று எழுதினால் பொய். அவர் இதைப் பார்க்கவில்லையே என்று ஆத்திரத்தோடு அழுதேன். அந்த ஒரு தட்டுக்காக அவர் எத்தனையோ ஆண்டுவிழாக்களில் பின்வரிசையில் இருந்துவிட்டுப் போனார். நான் ஒருதரம் வாய் திறந்திருந்தால் முன்னுக்கு நின்று அவரே திருப்பிப் போட்டிருப்பார்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அப்பா என் பக்கத்தில் இருந்தார். கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார், “கோப்பை சலங்கை கட்டினது எண்டது பொய். அது விழுந்து உடைஞ்சது. நான்தான் கூட்டி அள்ளினனான்.” கொஞ்சம் பொறுத்து, “ரூபனுக்கு அண்டைக்குக் கேக்கிலை ஒரு துண்டு வெட்டிக் குடுத்திருக்கலாம்,” என்றார்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பு வாசலில் ஒருதரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆனால் ரூபன் அண்ணாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு: வகுப்புக் குரலும் வீட்டுக் குரலும் போக மிஞ்சிய அந்தக் குரல். அவர் அதை மாற்றாமல், அழிக்காமல், யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் எனக்காக வைத்திருந்தார். இதை அந்தக் குரலில்தான் எழுதினேன்.

பந்தியிலிருந்து எழும்பிவிட்டேன், அண்ணா. நீங்கள் காலியாக விட்ட இடத்தில் இனிப் போடலாம். பனிவண்டி றிதிம், ஏழாவது குரல்: வாணி சிவபாதம்.